பக்கத்தில் இருப்பவர் சொல்லும் திருத்தம்

ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் மற்றவரின் வேலையைப் பார்த்து, எது சரியாக வந்திருக்கிறது, எது பிசகியிருக்கிறது, அடுத்த முறை என்ன செய்து பார்க்கலாம் என்று சொல்வதே சக பின்னூட்டம். சொல்பவருக்கு மதிப்பெண் போடும் உரிமை கிடையாது. கூலியைக் குறைக்கும் அதிகாரமும் கிடையாது. கேட்பவர் அதை ஏற்கலாம், விட்டுவிடலாம். அதிகாரம் இல்லாததால்தான் சக பின்னூட்டத்தைப் பயமின்றிக் கேட்க முடிகிறது. அதனாலேயே அதை எளிதாகப் புறக்கணிக்கவும் முடிகிறது. வகுப்பறையிலும் வேலைத்தலத்திலும் இதைப் பற்றி நடந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, எந்த நிலைமையில் முதலாவது நடக்கிறது, எந்த நிலைமையில் இரண்டாவது நடக்கிறது என்பதைத்தான் சுற்றிச்சுற்றி ஆராய்கின்றன.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகளில் இது எப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்பது பயன் தரும். உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து பெண்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏறிவந்து வேலை செய்கிறார்கள். ஏலச்செடியின் தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் தரையோடு படர்ந்து கிடக்கும். ஒரு சரத்துக் காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. பிஞ்சு, கரிங்காய், பழம் என மூன்று பருவமும் அடுத்தடுத்து இருக்கும். தோல் பச்சையாகவே இருந்து உள்ளே விதை கறுத்திருந்தால் அது கரிங்காய். உலர்த்திய பின்னும் நிறம் நிற்பது இதில்தான். பிஞ்சின் விதை வெள்ளையாக இருக்கும், ஸ்டோரில் (உலர்கூடத்தில்) உலர்த்தினால் சுருங்கி எடை போய்விடும். பழத்தின் தோல் மஞ்சளோடி, உலரும்போது வெடிக்கும். போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலத்தில் விலையைத் தீர்மானிக்கும் நிறமும் எடையும் இந்தக் காய் எடுப்பிலேயே பாதி முடிவாகிவிடுகின்றன.

பிஞ்சும் கரிங்காயும் வெளிப்பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். புதிதாக வந்த பெண் இரண்டையும் சேர்த்துக் கிள்ளிப் போடுவாள். பக்கத்துச் செடியில் இருக்கும் அனுபவசாலி அவள் கூடையிலிருந்து ஒரு காயை எடுத்து, நகத்தால் பிளந்து காட்டுவார்: “உள்ளே பாரு புள்ள, இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு.” பிறகு தன் கையில் இருக்கும் கரிங்காயையும் பிளந்து பக்கத்தில் வைப்பார். அவ்வளவுதான் பின்னூட்டம். அது ஒரு காயைப் பற்றியது, எடுத்தவளைப் பற்றியது அன்று. சொல்வது உண்மையா என்று கேட்பவள் தன் கண்ணாலேயே சோதித்துக்கொள்ளலாம். அடுத்த சரம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் கற்றதை அந்த நிமிடமே செய்து பார்க்கவும் முடிகிறது. சாயங்காலம் நிறுவை முடிந்தபின் கங்காணி “பிஞ்சு நிறைய வருது” என்று சொல்வதும் பின்னூட்டம்தான். எந்தக் காய், எந்தக் கணம் என்பது தெரியாமல் போய்விட்டதால் அதைக் கேட்டு யாரும் எதையும் மாற்றிக்கொள்ள முடிவதில்லை.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதிய ஒரு கட்டுரை இதையே கோட்பாடாக வைத்தது. கற்பவர் முன்னேற மூன்று விஷயங்கள் வேண்டும் என்றார் அவர்: நல்ல வேலை எப்படி இருக்கும் என்ற தெளிவு, தன் வேலையை அதோடு ஒப்பிடும் திறன், இடைவெளியைக் குறைக்க ஒரு செயல். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பின்னூட்டம் வெறும் தகவலாக நின்றுவிடும். பள்ளிகளில் பெரும்பாலும் குறைவது முதலாவது. நல்ல கட்டுரை என்று ஆசிரியர் மனத்தில் ஒரு படம் இருக்கும், மாணவர் மனத்தில் அது இருக்காது. அந்தப் படத்தை வாயால் விளக்கி ஏற்றுவது கடினம் என்பது சாட்லரின் முக்கியமான வாதம். பல வேலைகளைப் பார்த்து, இது ஏன் நன்றாக இருக்கிறது, அது ஏன் சரியில்லை என்று தானே தீர்ப்புச் சொல்லிப் பழகும்போதுதான் அது உருவாகிறது. சக பின்னூட்டத்துக்கான மிக வலுவான நியாயம் இதுவே. சக மாணவரின் நோட்டைப் படிப்பவர் அவருக்கு உதவுகிறாரோ இல்லையோ, தன் கண்ணைத் தீட்டிக்கொள்கிறார்.

சொல்பவருக்கே லாபம் அதிகம் என்பது 2009இல் நேரடியாகச் சோதிக்கப்பட்டது. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற மாணவர்களை லண்ட்ஸ்ட்ரோம், பேக்கர் ஆகிய இருவர் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு கட்டுரைகளுக்குக் கருத்துச் சொல்ல மட்டும் பழகியது. மற்றது சொல்லப்பட்ட கருத்துகளைக் கொண்டு திருத்த மட்டும் பழகியது. பருவ முடிவில் எழுத்தில் கூடுதலாக முன்னேறியவர்கள் கருத்துச் சொன்னவர்கள்தாம், அதிலும் தொடக்க நிலையில் இருந்தவர்களிடம் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது.

தமிழில் இந்தக் கணக்கு பழையது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தியின் நன்னூல், ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்குப் புலமைதான் என்கிறது. உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு காற்பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதில் எஞ்சிய அரைப்பங்கு. ஆய்வு முறை எதுவும் இல்லாமல், கற்பித்த அனுபவத்திலிருந்து மட்டுமே எட்டப்பட்ட பங்கீடு இது. எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் வரிசை சரியாக இருக்கிறது.

தென்னிந்தியப் பள்ளிகளில் சிறுவர்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டதற்கு வெளியாள் ஒருவரின் சாட்சியும் உண்டு. இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே 1623இல் கர்நாடகத்தின் இக்கேரிப் பகுதியில் பயணம் செய்தபோது, ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டு, எழுதுவதைப் பாட்டாகச் சொல்லிக் கணக்குப் படிப்பதைப் பார்த்தார். ஆசிரியர் இல்லை. மறந்துபோனால், தவறு செய்தால் யார் திருத்துவார் என்று கேட்டார். நான்கு பேரும் ஒரே இடத்தில் தவறுவது நடக்காது, ஒருவன் தவறினால் மற்றவர்கள் திருத்துவோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குள் நுட்பமான நிபந்தனை ஒன்று இருக்கிறது: நால்வரின் பிழைகளும் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால்தான் இந்த முறை வேலை செய்யும். எல்லோருக்கும் ஒரே பிழை என்றால் நாற்பது பேர் இருந்தாலும் திருத்த ஆள் இல்லை. தமிழக–கேரள எல்லைப்புற வகுப்பறைகளைப் பற்றிப் பேசும்போது இந்த நிபந்தனை மீண்டும் தேவைப்படும்.

இதே மணலெழுத்து இன்னொருவர் கண்ணிலும் பட்டது. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மலபார்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். தேர்ந்த மாணவர்களைக் கொண்டே மற்ற மாணவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கை மூலம் ‘மதராஸ் முறை’ உலகெங்கும் பரவியது. ஆனால் பரவியது பாதிதான். குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம் என்பதே எடுபட்டது. மணலைச் சுற்றி அமர்ந்த நான்கு பேரின் சமநிலை கைவிடப்பட்டு, கண்காணிக்கும் சட்டாம்பிள்ளை மட்டும் மிஞ்சினார். சட்டாம்பிள்ளை சொல்வது சக பின்னூட்டம் ஆகாது. அது கைமாறிய அதிகாரம்.

கேரளத்தில் 1997இல் தொடங்கிய பாடத்திட்ட மாற்றம் குழுவாகக் கற்பதை அரசுப் பள்ளிகளின் அன்றாட வேலையாக்கியது. 2005இல் பத்தாம் வகுப்புத் தேர்வு தர முறைக்கு மாறியதோடு, 20 சதவீதம் தொடர் மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. தன்மதிப்பீடு, சக மாணவர் மதிப்பீடு, ஆசிரியர் மதிப்பீடு என்ற மூன்றும் ஆசிரியர் கையேடுகளில் இடம்பெற்றன. மொழி வகுப்பில் ஒவ்வொருவரும் தனியாக எழுதி, குழுவில் வாசித்து, சேர்ந்து செம்மைப்படுத்துவது வழக்கமான படிநிலை ஆனது. பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் உள்ள தமிழ்வழி வகுப்புகளும் இதே முறையில்தான் நடக்கின்றன.

குழுவில் சொல்லப்படும் கருத்து எப்படியெல்லாம் போகும் என்பதற்கு ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்யலாம். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஊர்த் தண்ணீரைப் பற்றி எழுதுகிறாள் என்று கொள்வோம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வர வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வீடுகளில் சின்னப் பிள்ளைகள் காதிலும் விழும் செய்தி. அவள் எழுதுகிறாள்: “தண்ணீர் வரவில்லை. பயிர் கருகிவிட்டது. எல்லோரும் கஷ்டப்பட்டார்கள்.” ஒருத்தி “நல்லா இருக்கு” என்கிறாள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஒருவன் “கையெழுத்து கோழி கிண்டின மாதிரி” என்கிறான். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கட்டுரை அதனால் வளராது. மூன்றாமவள் கேட்கிறாள்: “முதல் போகமா, ரெண்டாம் போகமா? உங்க வீட்டு வயலா?” எழுதியவள் உடனே பேனாவை எடுக்கிறாள். பாராட்டோ குறையோ இல்லாத அந்தக் கேள்விதான் மூன்றிலும் உயர்ந்த பின்னூட்டம், ஏனென்றால் வாசிப்பவருக்கு எங்கே புரியாமல் போனது என்பதை எழுதியவருக்கு அது காட்டிவிட்டது.

ஆய்வாளர்கள் சோவும் மக்ஆர்தரும் 2010இல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியே இருக்கிறது. மாணவர் கட்டுரைகளுக்கு ஒரு நிபுணர் சொன்ன கருத்து, ஒரு சக மாணவர் சொன்னது, பல சக மாணவர்கள் சொன்னது என மூன்றையும் ஒப்பிட்டார்கள். திருத்தத்துக்குப் பிறகு அதிகம் மேம்பட்டவை பலர் கருத்துச் சொன்ன கட்டுரைகள். நிபுணர் ‘இதை மாற்று’ என்று கட்டளையிட, மாணவர் அந்த வரியை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடுகிறார். சக வாசகர்கள் பொதுவாகத் தடுமாறிய இடங்களைச் சொல்லும்போது, பத்தியையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கிறது.

ஆனாலும் சகபாடிகளின் சொல்லை அப்படியே நம்பிவிட முடியாது. நியூசிலாந்தில் மாணவர்களின் சட்டையில் சிறு மைக் பொருத்தி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த கிரஹாம் நட்ஹால், ஒரு மாணவர் தன் வேலை பற்றிக் கேட்கும் கருத்துகளில் ஏறத்தாழ 80 சதவீதம் சக மாணவர்களிடமிருந்தே வருகிறது என்றும் அதில் பெரும்பகுதி பிழையானது என்றும் கண்டார். ஆசிரியர் ஏற்பாடு செய்தாலும் செய்யாவிட்டாலும் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே வகுப்பில் சக பின்னூட்டத்தை அனுமதிப்பதா என்று கேட்பதில் பொருள் இல்லை. பழக்கப்படுத்தாமல் விடுவதா என்பதே கேள்வி.

எல்லைப்புறத்தில் இக்கேரிச் சிறுவர்களின் நிபந்தனை குறுக்கே வருகிறது. வீட்டில் தமிழும் கடையில் மலையாளமும் பேசி வளரும் பிள்ளை, மலையாள வேற்றுமை வழக்கைப் பின்பற்றி ‘பள்ளியில் போனேன்’ என்று எழுதினால், குழுவில் உள்ள மற்றவர்கள் காதுக்கும் அது இயல்பாகவே படும். நான்கு பேரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். இந்த வகைப் பிழையைப் பிடிப்பது ஆசிரியரின் வேலை, அல்லது வேறு ஊர்த் தமிழ் வாசகர் ஒருவரின் வேலை. கருத்தோட்டம், விவரம், தெளிவு ஆகியவற்றைக் குழுவிடம் விடலாம். எல்லோருக்கும் பொதுவான குருட்டிடத்தை அவர்களிடமே காணச் சொல்வது அநீதி.

பின்னூட்டம் எப்போதும் நன்மையே செய்யும் என்ற நம்பிக்கையை 1996இல் குலைத்தவர்கள் அவ்ரஹாம் க்ளூகரும் ஏஞ்சலோ டினீசியும். அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 607 விளைவு அளவுகளைக் கணக்கிட்டார்கள். சராசரியில் பின்னூட்டம் செயல்திறனை உயர்த்தியது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நேர்வுகளில் அது செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற இடத்துக்கு நகரும்போது பாதிப்பு தொடங்குகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திட்டு மட்டும் அல்ல, ‘நீ புத்திசாலி’ என்ற புகழ்ச்சியும் கவனத்தை அங்கேதான் இழுத்துச் செல்கிறது.

மதிப்பெண்ணும் அதே வேலையைச் செய்கிறது. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் நடத்திய சோதனையில் சில மாணவர்களுக்குக் கருத்து மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்து மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்தன. இரண்டையும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் படிப்பதில்லை. சக மாணவர் மதிப்பீட்டைத் தொடர் மதிப்பீட்டு மதிப்பெண்ணோடு இணைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். மாணவர்களால் சரியாக மதிப்பிட முடியாது என்பது காரணம் அன்று. 48 ஆய்வுகளைத் தொகுத்த ஃபால்ச்சிகோவும் கோல்ட்ஃபின்ச்சும் 2000இல் காட்டியபடி, உயர்கல்வியில் மாணவர் போடும் மதிப்பெண்ணும் ஆசிரியர் போடுவதும் சராசரியாக 0.69 என்ற ஒட்டுறவுக் கெழு அளவுக்கு ஒத்துப்போகின்றன. அது குறைவான எண் இல்லை. மதிப்பெண் நுழைந்ததும் நட்பும் பகையும் கணக்கில் வந்துவிடுகின்றன, உண்மையான திருத்தம் வாயில் அடங்கிப்போகிறது என்பதே காரணம். சக பின்னூட்டத்தை எண்ணில்லாமல் வைத்திருப்பதே நல்லது.

யார் பேசுகிறார், யார் சொன்னால் எடுபடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஸ்டான்ஃபோர்டின் எலிசபெத் கோஹன், குழு வேலையில் சமூக மதிப்பு அதிகம் உள்ள பிள்ளைகளே அதிகம் பேசுவதையும், மற்றவர்களின் சரியான யோசனைகள்கூடக் காதில் விழாமல் போவதையும் பதிவு செய்தார். சாதி, மொழி, அப்பாவின் வேலை, படிப்பில் ‘கெட்டிக்காரி’ என்ற பெயர் எல்லாமே இந்த மதிப்பைத் தீர்மானிக்கும். மலைக்குடியிலிருந்து இறங்கிவந்து படிக்கும் முதுவான் பழங்குடிப் பிள்ளையும் எஸ்டேட் லயத்துப் பிள்ளையும் கடைக்காரர் மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் சமமாகிவிட மாட்டார்கள். ‘குழுவாகப் பேசுங்கள்’ என்று விட்டுவிட்டால் பெஞ்சுக்கு வெளியே உள்ள ஏற்றத்தாழ்வு பெஞ்சுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடும். முதலில் ஒவ்வொருவரும் ஒரு வரி எழுதி, பிறகு முறை வைத்து வாசிப்பது என்ற எளிய ஏற்பாடு இதைப் பெருமளவு குறைக்கும்.

யார் முதலில் பேசுகிறார் என்ற பிரச்சினை வேலைத்தலங்களிலும் உண்டு. சாலமன் ஆஷ் 1951இல் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனைகளில், முன்னால் பேசியவர்கள் ஒருமனதாகத் தவறான விடை சொன்னபோது, கண்ணுக்குத் தெரிந்த உண்மையை விட்டு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பதில்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தன. தேயிலைத் தொழிலில் நடக்கும் சுவை பார்த்தலுக்கும் இது பொருந்தும். அதற்கான பன்னாட்டுத் தர விதி 1980இல் வந்தது: 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். சுவையான தேநீர் போடுவதற்கான செய்முறை இல்லை இது. எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி போடப்பட்டால்தான் தெரியும் வேறுபாடு இலையால் வந்தது, போட்டவரால் வந்ததில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். பிரிஸ்க், பாடி, கலர் என்று அனைவரும் ஒரே பொருளில் பயன்படுத்தும் சொற்களும் அந்தத் தொழிலில் உண்டு. அளவுகோலும் சொல்லும் பொதுவாக இருப்பதால் ஒருவர் இன்னொருவரின் தொகுப்பைக் குறை சொன்னாலும் அது ஆள்மேல் பாய்வதில்லை. ஆனால் மூத்தவர் முதலில் வாய் திறந்தால் இந்த ஏற்பாடெல்லாம் வீணாகலாம். ஒவ்வொருவரும் குறித்துக்கொண்ட பிறகு இளையவரிலிருந்து பேசத் தொடங்குவது மலிவான பாதுகாப்பு.

தொழிற்சாலைகளில் சக பின்னூட்டத்துக்கு நிறுவன வடிவம் தந்தது தர வட்டம். 1962இல் ஜப்பானில் தொடங்கிய இம்முறை 1980இல் ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திரபுரத்தில் உள்ள பாரத மிகுமின் நிறுவன (BHEL) ஆலை வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஒரே பிரிவில் வேலை செய்யும் சிலர் வாரம் ஒருமுறை கூடி, தங்கள் வேலையில் உள்ள ஒரு கோளாற்றை எடுத்து, காரணம் தேடி, தீர்வு சொல்வார்கள். ‘யார் செய்தது’ என்று கேட்பதற்கு அங்கே இடமில்லை. பாலக்காட்டின் கஞ்சிக்கோடு போன்ற தொழிற்பேட்டையில் தமிழ், மலையாளம், இந்தி பேசுவோர் ஒரே வரிசையில் நிற்கும்போது, கோளாற்றைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது போன்ற பழக்கங்கள் மொழித் தயக்கத்தையும் போக்கும்.

தவறைச் சொன்னால் என்ன ஆகும் என்ற பயம் இருக்கும் இடத்தில் எந்த வட்டமும் சுழலாது. அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில்தான் அதிகப் பிழைகள் பதிவாவதைக் கண்டு வியந்தார். அவர்கள் அதிகம் தவறவில்லை, தவறியதை வெளிப்படையாகப் பேசினார்கள் என்பது பிறகு தெரிந்தது. இந்த நிலையை 1999இல் அவர் உளவியல் பாதுகாப்பு என்ற சொல்லால் விளக்கினார். ஆண்டுக்கொருமுறை பெயர் குறிப்பிடாமல் சக ஊழியரைப் பற்றிப் படிவம் நிரப்பச் சொல்லும் நிறுவனங்கள் இதற்கு நேரெதிராகப் போகின்றன. காலம் கடந்து, இடம் குறிக்காமல், பதில் கேள்வி கேட்க வழியில்லாமல் வரும் அந்தக் கருத்து, சாயங்கால நிறுவையில் கங்காணி சொல்வதைவிடவும் பயன் குறைந்தது.

பெறுவதும் ஒரு திறமைதான், அதைப் பள்ளிகள் அநேகமாகக் கற்பிப்பதில்லை. கேட்டவுடன் விளக்கம் சொல்லத் தொடங்குபவர் கேட்பதை நிறுத்திவிடுகிறார். ‘எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?’ என்று திருப்பிக் கேட்பது, பொத்தாம்பொதுவான குறையைக்கூடப் பயனுள்ளதாக மாற்றிவிடும். ஒரே இடத்தை இருவர் தனித்தனியாகச் சுட்டினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால் யோசித்து விட்டுவிடலாம். எல்லாவற்றையும் ஏற்பது பணிவாகத் தெரியலாம், ஆனால் அது தீர்ப்பை அடகு வைப்பது. ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் அந்த மறுப்பும் கற்றலே.

இவ்வளவுக்கும் தேவைப்படுவது நேரம். ஏலக்காட்டில் அடுத்த சரம் உடனே கிடைக்கிறது. பள்ளியில் அடுத்த நாள் அடுத்த பாடம் வந்துவிடுகிறது. சக மாணவர் சொன்ன திருத்தத்தைச் செய்து பார்க்காமலேயே நோட்டு மூடப்படுகிறது. ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை எழுதுவதற்குப் பதில் ஐந்தை எழுதி, ஒவ்வொன்றையும் இருமுறை திருத்தி எழுத வைக்கும் ஆசிரியரிடம் பாடம் முடிக்கவில்லை என்று குறை காண்பார்கள். அந்த ஆசிரியருக்குப் பாடவேளையில் இடம் ஒதுக்கித் தருவது தலைமையாசிரியரின் பொறுப்பு. இரண்டாம் வரைவை முதலாவதோடு சேர்த்துத் தைத்து வைத்தால், எந்தக் கருத்தால் எது மாறியது என்பதைக் கருத்துச் சொன்ன பிள்ளையும் பார்க்க முடியும்.